வெனோகிராம் ரிப்போர்ட்டில் ‘ஹைப்போபிளாஸ்டிக்’ என்று வந்தால்: மதுரைக்கு ஸ்கேன் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தலைவலி என்று போய், தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, கூடவே மூளையிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்களைப் படமெடுக்கும் வெனோகிராமும் எடுத்து, ரிப்போர்ட்டில் ‘லெஃப்ட் டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் ஹைப்போபிளாஸ்டிக்’, அதாவது இடதுபக்கக் குழாய் ஒன்று வளர்ச்சியில் சின்னது, என்று ஒரு வரி வந்திருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டு வீடே கலங்கிப்போய் இருக்கிறதா? உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் தங்கைக்குப் பிரசவமான சில வாரத்தில் விடாத தலைவலி வந்து, மேலூரில் தொடங்கி மதுரையில் முடிந்த அலைச்சலில் நாங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டது இது. நான் மருத்துவர் இல்லை. வைத்தியம் என்ன என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், எங்கே எவ்வளவு ஆகும், எதை வாங்காமல் ஸ்கேன் சென்டர் வாசலைத் தாண்டக்கூடாது என்பதை என்னால் சொல்ல முடியும்.

இந்த அலைச்சல் முழுவதுமே ஒரே ஒரு கேள்விக்காகத்தான். அந்த ரத்தக்குழாய் பிறவியிலேயே சின்னதா, இல்லை அடைபட்டதால் சின்னதாகத் தெரிகிறதா? பிறவியிலேயே சின்னது என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. அடைபட்டது என்றால் அன்றைக்கே அட்மிட் ஆக வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதற்குப் பதில் வாங்கத்தான்.

1. முதலில், இது காத்திருக்கக்கூடிய தலைவலியா என்று பாருங்கள்

இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு 108-க்குப் போன் போடுங்கள்: வலிப்பு வந்தது, ஒரு பக்கக் கை கால் இழுக்கிறது அல்லது மரத்துப்போகிறது, பேச்சு குழறுகிறது, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லாமல் அசந்து அசந்து போகிறார், பார்வை மங்குகிறது அல்லது ஒன்று இரண்டாகத் தெரிகிறது, வாழ்க்கையில் இல்லாத அளவு தலைவலியோடு வாந்தி. காதில் சீழ் வடிந்துகொண்டிருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பை ஒட்டியே மூளையின் பெரிய வடிகால் ஒன்று போகிறது. காதுச் சீழ் அந்த எலும்புக்குள் இறங்கி வடிகாலை அடைத்துவிடக்கூடும்.

பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருக்கும் பெண், கர்ப்பிணி, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர், கடும் வயிற்றுப்போக்கு அல்லது காய்ச்சலில் நீர்ச்சத்து இழந்தவர் என்றால் சாதாரணமாகத் தோன்றும் தலைவலியையும் தள்ளிப்போடாதீர்கள். மூளையிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயில் ரத்தம் உறைவது இவர்களுக்குத்தான் அதிகம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு போடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று அளந்து கொடுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களுக்கு ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும் நிலையில் இருக்கும். அதில் தண்ணீரையும் குறைத்தால் ஆபத்து கூடுகிறது. தாகம் எடுத்தால் குடிக்கட்டும், தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்கட்டும். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். செக்கப்புக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போய், நர்ஸ் அக்கா வாயாலேயே சொல்ல வையுங்கள். எங்களுக்கு அதுதான் பலித்தது.

2. ரிப்போர்ட் எந்த இடத்தைச் சொல்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பின்மண்டையில் கை வைத்துத் தடவிப் பாருங்கள். நடுவில் ஒரு மேடு தட்டுப்படும். ஏறக்குறைய அதற்கு நேர் உள்ளேதான் மூளையின் கழிவு ரத்தம் எல்லாம் வந்து சேரும் சந்திப்பு இருக்கிறது. உச்சந்தலையின் நடுக்கோட்டில் முன்னிருந்து பின்னாக ஓடிவரும் பெரிய குழாய் சுப்பீரியர் சஜிட்டல் சைனஸ். அது இந்தச் சந்திப்புக்கு வந்து வலது, இடது என இரண்டாகப் பிரியும். அந்த இரண்டுதான் டிரான்ஸ்வர்ஸ் சைனஸ்கள். காதுக்குப் பின்னால் வந்ததும் ஒவ்வொன்றும் வளைந்து இறங்கும். அந்த வளைவுக்குச் சிக்மாய்டு சைனஸ் என்று பெயர். பிறகு மண்டையோட்டின் அடியில் உள்ள ஜுகுலர் துளை வழியாக வெளியே வந்து, கழுத்தின் ஜுகுலர் வெயினாக இறங்கும். மூக்கடைப்புக்குச் சொல்கிற சைனஸ் வேறு, இது வேறு. ரிப்போர்ட்டில் சைனஸ் என்று பார்த்துவிட்டு ஆவி பிடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருப்பதுதான் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு வலது பக்கம் பெரியது, இடது சின்னது. சிலருக்கு இடது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் ஏறக்குறைய இல்லாமலே இருக்கும்; அதை ஏபிளாஸ்டிக் என்று எழுதுவார்கள். ஒரு கண்மாய்க்கு இரண்டு மடை இருந்து, ஒன்று பெரிய மடையாகவும் மற்றது சின்னக் குமிழியாகவும் இருந்தால் தண்ணீர் பெரிய மடையில் போய்விடும் இல்லையா, அதுபோலத்தான். பிறந்ததிலிருந்து அப்படி இருப்பவருக்கு மற்ற பக்கம் முழு வேலையையும் பார்த்துக்கொள்கிறது.

ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் இன்னும் சில சொற்கள் உண்டு. ‘அரக்னாய்டு கிரானுலேஷன்’ என்பது மூளையைச் சுற்றியுள்ள நீர் ரத்தத்தில் கலக்கும் சின்ன மொட்டு. அது சைனஸுக்குள் துருத்திக்கொண்டு இருந்தால் படத்தில் உருண்டையாக ஒரு ஓட்டை மாதிரி தெரியும். அது கட்டியும் இல்லை, உறைவும் இல்லை. ‘எமிசரி வெயின்’ என்றால் மண்டையோட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் சின்னக் குழாய். காதுக்குப் பின்னால் பலருக்கு உண்டு, சிலருக்குக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். சஜிட்டல் சைனஸின் முன்பகுதி மட்டும் தெரியவில்லை என்று வந்தால், அதுவும் சிலருக்கு இயல்பாகவே இருக்கும் அமைப்புதான். ‘ஹை ரைடிங் ஜுகுலர் பல்ப்’ என்றால் ஜுகுலர் துளைக்குள் உள்ள குழாயின் வீக்கமான பகுதி வழக்கத்தைவிட மேலே, நடுக்காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அப்படிச் சிலருக்கு நாடித்துடிப்போடு சேர்ந்து காதுக்குள் ‘உஷ் உஷ்’ என்று கேட்கும். காது ஆபரேஷன் எதுவும் செய்ய நேர்ந்தால் இ.என்.டி. டாக்டருக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

3. முதலில் எடுத்த சி.டி.யைத் தூக்கிப் போடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தலைவலி, வாந்தி என்று போனதும் ஊரில் உள்ள ஆஸ்பத்திரியில் முதலில் எடுப்பது சாதா சி.டி. தான். ‘நார்மல்’ என்று வந்ததும் அந்தக் கவரை வீட்டில் போட்டுவிட்டு, மதுரைக்கு வெறும் கையோடு வருவோம். அது தப்பு. முதல் காரணம், சாதா சி.டி. நார்மலாக இருந்தாலும் குழாய் அடைப்பு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, அதனால் ‘சி.டி. நார்மல்தானே’ என்று யாராவது சொன்னால் அதோடு நின்றுவிடாதீர்கள். இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. சி.டி.யில் எலும்பு தெளிவாகத் தெரியும்.

சைனஸ் ஒவ்வொன்றும் மண்டையோட்டின் உள்பக்கத்தில் ஒரு பள்ளமான தடத்தில் படிந்து ஓடுகிறது. தலை வளரும்போது குழாயும் எலும்பும் சேர்ந்தே வளர்கின்றன. குழாய் பிறவியிலேயே சின்னதாக இருந்தால் அந்தப் பக்கத்து எலும்புத் தடமும் ஆழமில்லாமல் இருக்கும், அடியில் உள்ள ஜுகுலர் துளையும் சின்னதாக இருக்கும். போன வாரம் உறைந்து அடைபட்ட குழாய் என்றால் உள்ளே ரத்தம்தான் ஓடாதே தவிர, எலும்புத் தடமும் துளையும் பழையபடி பெரிதாகவே இருக்கும். எம்.ஆர். வெனோகிராமில் இரண்டுமே ‘இடது பக்கம் தெரியவில்லை’ என்றுதான் வரும். ஆனால் எலும்பைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கழுத்தில் இறங்கும் வெயினும் அந்தப் பக்கம் சின்னதா என்று சேர்த்துப் பார்ப்பார்கள்.

என் தங்கை விஷயத்தில் நடந்ததும் இதுதான். முதலில் வெனோகிராம் எடுத்த சென்டரின் ரிப்போர்ட்டில் ‘ஹைப்போபிளாசியா அல்லது திராம்போசிஸ், கிளினிக்கலாகப் பொருத்திப் பார்க்கவும்’ என்று எழுதியிருந்தார்கள். அதாவது பிறவியிலேயே சின்னதாகவும் இருக்கலாம், ரத்தம் உறைந்த அடைப்பாகவும் இருக்கலாம். அதைப் படித்த நாங்கள் அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் நியூரோ டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, “முதல்ல எடுத்த சி.டி. இருக்காம்மா?” என்று கேட்டார். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு எலும்பு தெரியும்படி மாற்றி, இரண்டு பக்க ஜுகுலர் துளையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். வலதுபக்கத் துளை நல்ல பெரிதாக இருந்தது; இடதுபக்கத்தில் அதில் பாதி கூட இல்லை. “இது இன்னைக்கு நேத்து வந்ததில்லை, பொறந்ததுல இருந்தே இப்படித்தான்” என்றார். பிறகும் உறைவு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய எம்.ஆர்.ஐ.யின் மற்ற படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆனால் எங்களுக்கு மூச்சு வந்தது அந்த எலும்பைப் பார்த்தபோதுதான்.

ஆகவே சி.டி. ஃபிலிம் மட்டும் போதாது, சி.டி. எடுத்த இடத்தில் படங்கள் உள்ள டிஸ்க்கையும் கேளுங்கள். ஃபிலிமில் சில படங்கள் மட்டுமே அச்சாகும். எலும்பு தெரியும்படி மாற்றிப் பார்க்க டிஸ்க் வேண்டும்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி வையுங்கள்.

டாக்டர் எழுதிய சீட்டு முதலில். அதில் ‘எம்.ஆர்.ஐ. பிரெய்ன்’ என்று மட்டும் இருந்தால் வெனோகிராம் எடுக்க மாட்டார்கள், ‘எம்.ஆர். வெனோகிராம் உடன்’ என்று எழுதியிருக்க வேண்டும். கூடவே ஏன் எடுக்கிறோம் என்ற விவரமும் இருக்க வேண்டும்: எத்தனை நாள் தலைவலி, பிரசவமாகி எத்தனை நாள், மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா, வலிப்பு வந்ததா. ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் நோயாளியை நேரில் பார்ப்பதே இல்லை. ‘தலைவலி’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் எழுதினால் ‘இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம்’ என்றுதான் வரும். விவரம் இல்லாத சீட்டை டாக்டரிடமே திருப்பிக் கொடுத்து இரண்டு வரி சேர்த்து எழுதி வாங்குங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பிரசவமானவர் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி. பழைய ஸ்கேன் எது இருந்தாலும், எத்தனை வருடத்துக்கு முன்பு எடுத்ததாக இருந்தாலும் எடுத்து வாருங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே பக்கம் சின்னதாக இருந்திருந்தால் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். படத்தில் ரத்தக்குழாய் தெளிவாகத் தெரிவதற்காகப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு வாய்ப்பு இருந்தால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் டெஸ்ட் ரிசல்ட் தேவை. முன்பே எடுத்து வந்தால் அங்கே காத்திருக்க வேண்டாம். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையே கொண்டு வாருங்கள். பெயரை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டாம்.

அரசு மருத்துவமனை என்றால் ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு இது உண்டு. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொருவராகக் கடந்து வர வேண்டும், உடனே கைக்கு வராது. சான்றிதழ் வந்ததும் குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். அங்கே படம் பிடித்துப் பதிவு செய்கிறார்கள். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே இந்த வேலையை முடித்து வைப்பது நல்லது. தலைவலியோடு ஒருவரைப் படுக்கவைத்துவிட்டு வி.ஏ.ஓ.வைத் தேடி அலைவது கொடுமை.

5. எங்கே எடுப்பது, எவ்வளவு ஆகும்

அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் மாட்டுத்தாவணியில் இறங்கிக் கோரிப்பாளையம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் போதும். ஓ.பி. காலையில்தான். சீட்டு வாங்கும் வரிசை நீளம், ஆகவே முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். நரம்பியல் பிரிவு எந்தக் கட்டடத்தில், எந்தக் கிழமை எந்த யூனிட் என்று சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொண்டு நடங்கள். வளாகம் பெரியது, தவறான கட்டடத்துக்கு நடந்தால் ஓ.பி. முடிந்துவிடும். அங்கே காப்பீட்டில் வராதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. கட்டணம் 2,500 ரூபாயை ஒட்டி இருக்கும், கான்ட்ராஸ்ட் ஊசி என்றால் கூடும். காப்பீட்டில் வருவது என்றால் வார்டிலிருந்தோ ஓ.பி.யிலிருந்தோ அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும். காப்பீட்டுப் பிரிவில் அனுமதி வந்த பிறகே எடுப்பார்கள். அவசரம் இல்லாத ஸ்கேனுக்குத் தேதி கொடுப்பார்கள். முதல் பகுதியில் சொன்ன அறிகுறிகளோடு வந்தவர்கள் ஓ.பி. வரிசையில் நிற்கவே கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தனியார் சென்டர்களில் நாங்கள் விசாரித்தபோது மூளை எம்.ஆர்.ஐ. மட்டும் 5,000 முதல் 8,000 வரை சொன்னார்கள். வெனோகிராம் சேர்ந்தால் அதற்கு மேல். ஊசி போட்டால் அதற்குத் தனி. ஒரே ஊரில் ஒரே ஸ்கேனுக்கு இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. போனில் கேட்கும்போது “பிரெய்ன், வெனோகிராம் ரெண்டும் சேர்த்து, ஃபிலிம், டிஸ்க் எல்லாம் உட்பட எவ்வளவு?” என்று ஒரே மூச்சில் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் பில் போடும்போது தொகை ஏறிவிடும். மெஷினின் காந்த சக்தி எத்தனை டெஸ்லா என்றும் கேட்டு வையுங்கள். 1.5 டெஸ்லா போதும். 3 டெஸ்லாவில் படம் இன்னும் தெளிவு. குறைந்த சக்தி கொண்ட ஓப்பன் எம்.ஆர்.ஐ.யில் வெனோகிராம் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊசி போட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெனோகிராமை ஊசி இல்லாமலும் எடுக்கலாம். டைம் ஆஃப் ஃபிளைட் என்ற முறையில் ஓடுகிற ரத்தத்தை மட்டும் பிரகாசமாகக் காட்டுகிறது. கர்ப்பிணிகளுக்கு இதுதான் வசதி. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ரத்தம் மெதுவாக ஓடினாலோ, படம் எடுக்கும் தளத்தை ஒட்டியே ஓடினாலோ அந்த இடம் கறுப்பாக, அறுபட்ட மாதிரி விழும். மூளை எம்.ஆர்.ஐ. நார்மலாக இருந்த 100 பேரை வைத்து 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில் 31 பேருக்கு டிரான்ஸ்வர்ஸ் சைனஸில் இப்படிப்பட்ட இடைவெளி தெரிந்தது. அநேகமாக எல்லாமே சின்னப் பக்கத்துச் சைனஸில். அவர்களில் யாருக்கும் அடைப்பு இல்லை! ஊசி இல்லாத படத்தில் சந்தேகம் வந்தால் டாக்டர் ஊசி போட்டு மறுபடி எடுக்கச் சொல்வதோ, சி.டி. வெனோகிராம் எழுதுவதோ இதனால்தான். காசு பிடுங்க என்று நினைத்துவிடாதீர்கள்.

பால் கொடுக்கும் தாய்க்கு எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டால் பாலை நிறுத்த வேண்டியதில்லை. பாலில் போய்ச் சேரும் அளவு மிக மிகக் குறைவு. எங்களை ஒரு நாள் நிறுத்தச் சொன்னார்கள், தங்கை அழுதே விட்டாள். குழந்தை டாக்டரிடம் கேட்ட பிறகுதான் தேவையில்லை என்று தெரிந்தது. நீங்களும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. ஸ்கேன் அன்று

உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. வீட்டிலேயே கழற்ற வேண்டியவை: மெட்டி, மூக்குத்தி, கொலுசு, வளையல், புடவையிலும் ஜாக்கெட்டிலும் குத்திய ஊக்கு, ஹேர்பின், குழந்தையின் வெள்ளி அரைஞாண், தாயத்து. வருடக்கணக்காகக் கழற்றாத மெட்டியும் திருகாணி மூக்குத்தியும் அங்கே போய்க் கழன்று வராது. முதல் நாள் இரவே சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றுங்கள். மூக்குத்தி வரவில்லை என்றால் ஆசாரியிடம் போய்விடுங்கள்.

தாலியையும் கழற்றச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் வரிசையில் இருந்த ஒரு பெண் இதைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். “அத்தைக்கிட்டக் கேக்காம எப்படிக்கா கழட்டுறது?” என்றார். அவருடைய முறையும் போய்விட்டது. வீட்டில் முன்கூட்டியே பேசி முடித்து, வெறும் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொண்டு வாருங்கள். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

பேஸ்மேக்கர், மூளையில் வைத்த கிளிப், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி இருப்பவர்கள் புக்கிங் செய்யும்போதே சொல்ல வேண்டும். அதற்குரிய காகிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஊசி போடுவதாக இருந்தால் சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். ‘டக் டக்’ என்று பெரிய சத்தம் வரும், காதில் அடைப்பான் கொடுப்பார்கள். தலையை ஆட்டினால் படம் கலங்கி, வெனோகிராம்தான் முதலில் கெடும். பச்சைக்குழந்தை இருந்தால் உள்ளே போவதற்குச் சற்றுமுன் பால் கொடுத்துவிடுங்கள்.

7. ஸ்கேன் சென்டரை விட்டு வெளியே வருமுன்

டிஸ்க் வாங்காமல் வராதீர்கள். எங்களுக்கு ஒரு சென்டரில் ரிப்போர்ட்டும் இரண்டு ஃபிலிமும் மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். டிஸ்க் கேட்டதற்கு ‘அதெல்லாம் டாக்டருக்குத் தேவைப்படாது’ என்றார்கள். தேவைப்பட்டது. திரும்பிப் போனபோது அன்றைய படங்கள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன, எடுக்க நாளாகும் என்றார்கள். ஆகவே கவுன்டரிலேயே உட்கார்ந்து வாங்குங்கள். லிங்க் அனுப்புகிறோம் என்றால், அங்கேயே போனில் திறந்து படம் வருகிறதா என்று பாருங்கள். அது எத்தனை நாளைக்கு இருக்கும் என்றும் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் பெயர், வயது, ஆண் பெண், வலது இடது சரியா என்று பாருங்கள். மேலே விவரத்தில் வலது என்றும் கீழே முடிவில் இடது என்றும் வருவது உண்டு. அப்படி இருந்தால் அன்றைக்கே திருத்தி வாங்க வேண்டும்.

8. ஒரு கண் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

மூளைக்குள் அழுத்தம் கூடினால் கண்ணுக்குப் பின்னால் உள்ள நரம்பின் தலைப்பகுதி வீங்கும். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு விரித்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். மதுரையில் இருப்பவர்களுக்கு இதில் குறையே இல்லை; அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் நரம்பு சார்ந்த கண் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அரை நாள் ஒதுக்குங்கள். சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், பைக் ஓட்டிக்கொண்டு வர வேண்டாம்.

உடல் எடை கூடிய இளம்பெண்களுக்கு, கட்டியோ அடைப்போ இல்லாமலே இந்த அழுத்தம் கூடுவது உண்டு. அவர்களுக்கு வெனோகிராமில் இரண்டு பக்கமும் டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் குறுகித் தெரியும். ஒரு பக்கம் மட்டும் சின்னது என்பதும், இரண்டு பக்கமும் குறுகல் என்பதும் ஒன்றல்ல. இரண்டு பக்கமும் என்று வந்திருந்தால் ‘பிறவி அமைப்பு’ என்று யார் சொன்னாலும் கண் பரிசோதனை இல்லாமல் விடாதீர்கள். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகும்.

9. நியூரோ டாக்டரிடம் கேட்க வேண்டியது

நேரம் குறைவாகத்தான் கிடைக்கும். எழுதிக்கொண்டு போங்கள். நான் எழுதிப்போனது இவ்வளவுதான்: இந்தப் பக்கம் பிறவியிலேயே சின்னதா, அடைப்பா? எலும்புத் தடமும் ஜுகுலர் துளையும் என்ன சொல்கின்றன? உறைவைக் காட்டும் மற்ற எம்.ஆர்.ஐ. படங்களில் ஏதாவது உண்டா? அப்படி ஒன்றும் இல்லை என்றால் இந்தத் தலைவலிக்கு வேறு காரணம் என்ன?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சின்னச் சைனஸ் என்று தெரிந்ததும் எல்லாத் தலைவலிக்கும் அதன் மேலேயே பழியைப் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது எதேச்சையாகக் கண்ணில் பட்டதுதான். தங்கைக்குக் கடைசியில் ஒற்றைத் தலைவலி என்றுதான் முடிவானது; தூக்கமில்லாததும் நேரத்துக்குச் சாப்பிடாததும் அதைக் கிளப்பிவிட்டிருந்தன.

டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை நார்மலாக வந்துவிட்டது, அதனால் ஸ்கேனே வேண்டாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உறைவு இருந்தும் அது நார்மலாக வரலாம். அடைப்புத்தான் என்று உறுதியாகி, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தொடங்கினால் அது மாதக்கணக்கில் போகும். வலி நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்துவது ஆபத்து. அதேபோல ‘ஹைப்போபிளாஸ்டிக்’ என்ற வரியை மட்டும் மருந்துக்கடையில் காட்டி, ரத்தத்தை இளக்கும் மாத்திரை வாங்குவதும் ஆபத்து. இரண்டும் நம் ஊரில் நடக்கிறது.

10. பிறவி அமைப்புத்தான் என்று முடிவானால்

மருந்து எதுவும் இல்லை. வருடா வருடம் ஸ்கேன் எடுக்கவும் வேண்டாம். ஆனால் டாக்டரிடம் ஓ.பி. சீட்டிலேயே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம் சின்னது, பிறவி அமைப்பு, உறைவு இல்லை, தேதி. அடுத்த முறை வேறொரு ஆஸ்பத்திரியில் தலைக்கு ஸ்கேன் எடுத்து இதே வரி வந்தால், அங்குள்ள டாக்டர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அந்தச் சீட்டையும் டிஸ்க்கையும் ஆதார் இருக்கும் இடத்தில் வையுங்கள், சீட்டைப் போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். காது எலும்பிலோ கழுத்திலோ பெரிய ஆபரேஷன் என்றால், டயாலிசிஸுக்கோ ஐ.சி.யூ.விலோ கழுத்து வெயினில் குழாய் போடுவது என்றால், தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மூளையின் ரத்தம் பெரும்பாலும் எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று அவருக்குத் தெரிந்தால், அந்தப் பக்கத்தை எப்படிக் கையாள்வது என்று அவர் முன்கூட்டியே யோசித்துக்கொள்வார்.